வாயைக் கேட்கவில்லை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக் கேலி பண்ணியே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டார். அவர் மேல் வருகிற கோபம், பால்காரன் மேல் வருகிற கோபம், தைக்கக் கொடுத்துவிட்டு மறுநாளே வந்து நிற்கிறவர்கள் மேல் வருகிற கோபம் எல்லாம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். ஒரே ஒரு கோபம் மட்டும் ஆறவில்லை. அதில் பாதி ஒரு கமாண்டர் மேல். மீதிப் பாதி என் மேலேயே.

நாங்கள் ஆந்திராவில் ராமகுப்பத்துப் பக்கம். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு. என் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே பாதி ஆயுசைக் கழித்தவர். அரசாங்கம் கொடுத்த ஒன்றேகால் ஏக்கர் டி-பட்டா நிலம் வந்த பிறகுதான் எங்களுக்குச் சொந்த வரப்பு என்று ஒன்று வந்தது. அதில் மல்பெரி போட்டு அண்ணன் பட்டுப்புழு வளர்த்தான். கொடுத்த கெவருமெண்டு எப்ப வேணாலும் பிடுங்கிக்கும் என்கிற பயம் நைனாவுக்குச் சாகும்வரை போகவில்லை. காக்கிச் சட்டை போட்டவன் தபால்காரனாக இருந்தாலும் எழுந்து நிற்பார்.

எங்கள் ஊர்க் கல்லையெல்லாம் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்த காலம் அது. ஊர்ப் பெண்கள் குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூரு கார்மெண்ட்ஸுக்குப் போக ஆரம்பித்த காலமும் அதுதான். நானும் போனேன். எனக்குக் காலர் தைக்கிற வேலை. நாளெல்லாம் காலர் தைத்தும் ஒரு சட்டையை முழுசாகக் கண்ணால் பார்த்ததில்லை. ஹாஸ்டலுக்கு எதிரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர் ஒருநாள் காலையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். லைனில் நைனா.

"அண்ணன இட்டுக்கினு பூட்டாங்கம்மா."

"யாரு நைனா?"

"தழை அறுக்கப் போனான். சைக்கிளு மட்டும் வரப்புல கெடக்குது. கேம்ப்புக்காரங்க ஜீப்பு வந்துச்சின்னு சொல்றாங்க."

கேம்ப் என்றால் எங்களுக்கு ஒன்றுதான். காட்டில் மரம் கடத்துகிறவர்களைப் பிடிக்க ஒரு ஆயுதப் படையைக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே இறக்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் பட்டுப்புழுவுக்காக நீளமாகக் கட்டி, நஷ்டப்பட்டு மூடிப்போட்டிருந்த கொட்டகையில் தங்கினார்கள். அதற்குத் தலைவர் ஒரு கமாண்டர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்று பேச்சு. கமாண்டர் காரு, கமாண்டர் காரு என்று ஊரே மரியாதையாகச் சொல்லும். அண்ணன் தழை மூட்டைக்குள் அரிசி வைத்துக் காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோனான் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். காட்டுக்குள் எந்தப் பக்கம் நுழைவது என்றே தெரியாதவன் என் அண்ணன். புழு தூங்கி எழுகிற நேரம்தான் அவனுக்குத் தெரியும்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடி வந்தேன். தினமும் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு கேம்ப் வாசலுக்குப் போவேன். வாசலில் நிற்கிறவன் துப்பாக்கியை ஆட்டித் துரத்துவான். நான் போக மாட்டேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ கமாண்டரே வெளியே வந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, சவரம் பண்ணின முகம். கையில் காபி டம்ளர். எரிந்து விழுவார் என்று பார்த்தேன். இல்லை. "இக்கட எவரூ லேரம்மா" என்றார். இங்கே யாரும் இல்லையம்மா என்று, விசாரிக்க வந்த சொந்தக்காரிக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு பணிவாகச் சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. என் அண்ணன் சத்தமா வேறு யாருடையதா என்று எனக்குத் தெரியவில்லை. மனுஷன் அலறினால் யார் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளே போனார். நாசமாய்ப் போக என்று வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினேன். துப்பாக்கிக்காரன் என் தூக்கை எட்டி உதைத்தான்.

பத்தொன்பது நாள். இருபதாவது நாள் காலையில் அண்ணனை ஏரிக்கரை மேல் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கேஸ் இல்லை, காகிதம் இல்லை. பிடித்ததற்கே சாட்சி இல்லை என்றால் விட்டதற்கு எங்கே இருக்கும்? நானும் நைனாவும் ஓடிப்போய்ப் பார்த்தோம். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "நல்லாத்தான்டா கீறே" என்று நைனா சந்தோஷத்தில் அழுதார். நான் அவன் கையைப் பிடித்துத் தூக்கப்போனேன். அவன் கத்திய கத்தலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பியது. இரண்டு உள்ளங்கையும் புளித்த மாவு மாதிரி உப்பிக் கிடந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம். புழுத் தட்டு தொங்கவிடுகிற உத்தரத்தில் ஆளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வீக்கம் வடிந்தது. விரல்கள் மடங்கவில்லை. நரம்பு போய்விட்டது, இனி இப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். பட்டு வளர்க்கிறவனுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? கூடு கட்டுவதற்கு முந்தின கடைசி வயதில் புழு பேய்ப் பசியில் இருக்கும். இரண்டு கையாலும் பரபரவென்று தழை உருவிப் போட வேண்டும். அண்ணன் புறங்கையால் தழையை அணைத்து, நெஞ்சில் வைத்து அமுக்கிக்கொண்டு வந்து கொட்டுவான். பாதி கீழே சிந்தும். அந்த முறை புழு பாதி செத்துப்போனது. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேம்ப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுவான். அவனைச் சாப்பிட வைப்பதே பெரும்பாடு. நைனா சோற்றைப் பிசைந்து, "துன்னுடா, ஒரு வாய் துன்னு" என்று ஊட்டுவார். இருபத்தேழு வயது ஆளுக்கு.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். தெலுங்கில் நானே மனு எழுதினேன். எங்கள் அண்ணனை இன்ன நாளில் பிடித்தார்கள், இன்ன நாளில் விட்டார்கள், கை இப்படி ஆகிவிட்டது, கமாண்டரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் காபி டம்ளர்க்காரரை யாராவது ஒருத்தர் எதிரில் நிறுத்தி, "ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். சித்தூருக்கு பஸ்ஸில் போய் கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அது வேலை செய்தது. இரண்டு கான்ஸ்டபிள்களை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள், விசாரணைக்குச் சித்தூரில் ஒரு அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. கமாண்டரையும் கூப்பிடுவார்களாம். அடுத்த நாளே ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், எங்கள் சர்பஞ்ச், எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சர்பஞ்ச் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"கமாண்டர் காரு ரொம்ப வருத்தப்படறாரு. அவுருக்கு ஒண்ணுமே தெரியாதாம். பசங்க ரெண்டு பேரு அவுரு இல்லாத நேரத்துல அடிச்சிட்டாங்களாம். அவுருக்கு ப்ரமோஷன் டைமு. கோர்ட்டு கச்சேரின்னு நீங்களும் எத்தினி நாளு அலைவீங்க? டி-பட்டா நெலம் வேற."

டி-பட்டா என்று அவர் சொன்ன மாத்திரத்தில் நைனா முகம் வெளுத்துவிட்டது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "தெரியாதுன்னா விசாரணையில வந்து சொல்லட்டும்! அதுக்கு நீங்க ஏன் தூது?" என்று கத்தினேன். நைனா என்னைக் கையமர்த்திவிட்டு யோசித்தார். அப்புறம் சொன்னார்.

"காணிப்பாக்கத்துக்கு வரச் சொல்லுங்க. பிள்ளையாரு முன்னாடி பிரமாணம் பண்ணட்டும். பண்ணிட்டாருன்னா நாங்க மனுவ வாபஸ் வாங்கிக்கறோம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் போலீசும் கோர்ட்டும் தீர்க்காததைக் காணிப்பாக்கத்தில் தீர்ப்பார்கள். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சாமிக்கு எதிரில் நின்று சத்தியம் பண்ண வேண்டும். அங்கே பொய் சொன்னவன் உருப்பட மாட்டான் என்பதில் எங்கள் பக்கத்துத் திருடனுக்குக்கூடச் சந்தேகம் கிடையாது. குளத்துப் படிவரை வந்துவிட்டு, கால் நடுங்கி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு திரும்பிப்போனவர்கள் உண்டு. நாங்கள் பார்த்து வந்த வழக்கம் இதுதான்: குற்றம் சொல்கிறவர்கள் வார்த்தையைத் தர வேண்டும். சத்தியம் பண்ணுகிறவர் அந்த வார்த்தையை அப்படியே சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் அவரிடம் கேட்கக் கூடாது. சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் அதைக் கிளறுகிறவர்களுக்குத்தான் பாவம்.

கமாண்டர் வர மாட்டார் என்று நைனா நம்பினார். நானும் நம்பினேன். நேரில் பார்த்தவள் நான், பயந்துவிடுவார் என்று எப்படித்தான் நினைத்தேனோ! சாயங்காலமே பதில் வந்தது. வருகிறாராம்.

வார்த்தையை எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. வேறு யார் எழுதுவது? நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். என் மனசு முழுக்க அண்ணனின் உள்ளங்கைதான் இருந்தது. ஊரே என்ன சொல்லிக்கொண்டிருந்தது? கமாண்டர் அடித்துக் கையை உடைத்துவிட்டார் என்று. அதையே எழுதினேன். இந்த ஆளை நான் என் கையால் அடிக்கவில்லை, என் கையால் கட்டவில்லை, என் கையால் தொங்கவிடவில்லை, இது சத்தியம். ஒன்றையும் விடவில்லை என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். அடித்தது, கட்டியது, தொங்கவிட்டது, எல்லாம் இருந்தது. நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா எழுதிக்கீறே" என்றார். அண்ணன் எங்கள் புழுக் கொட்டகையில் இருந்தான். அவனுக்குக் காட்டவில்லை. காட்டினால் எழுந்து போய்விடுவான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

காணிப்பாக்கத்துக்கு அவர் வெள்ளை வேட்டியில் வந்தார். சர்பஞ்ச் கூடவே குடை பிடிக்காத குறை. வேன் ஓட்டி வந்தவன் சஸ்பெண்ட் ஆன இரண்டு கான்ஸ்டபிள்களில் ஒருவன் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. கமாண்டர் குளத்தில் இறங்கி முழுகி எழுந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, என் கையிலிருந்த தாளை வாங்கினார். ஒருமுறை படித்தார். இன்னொருமுறை, மெதுவாக. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அந்தேனா அம்மா?" என்றார்.

இவ்வளவுதானா அம்மா என்று கேட்டார்.

அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஈரத்துணியோடு சாமி எதிரில் நிற்கிற ஒரு ஆள், இதற்கு மேல் ஏதாவது கேட்கணுமா என்று என்னையே கேட்கிறார்! நான் என்ன சொன்னேன்? "அந்தே" என்றேன். அதுவும் திமிராக, மோவாயைத் தூக்கிக்கொண்டு. இதையாவது நீ சொல்ல முடியுமா பார்க்கிறேன் என்கிற மாதிரி. இன்றைக்கும் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த "அந்தே" காதில் விழும். கத்தரிக்கோலை வீசி எறியலாம் போலிருக்கும்.

கணீரென்று சொன்னார். ஒரு சொல் தடுமாறவில்லை. கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் அண்ணன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். வெயில் என்று நினைத்தோம். நைனா கமாண்டர் எதிரில் போய்க் கைகூப்பி, "தப்பா நெனச்சிட்டோம் சாமி" என்றார். கமாண்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் நைனா தோளை!

பேச்சு பேச்சுதானே? மறுவாரம் சித்தூருக்குப் போய் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். அவர் சாமி முன் சத்தியம் பண்ணிவிட்டார், எங்களுக்குத் திருப்தி, அவர் மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. அதையும் எழுதியது நானேதான். விசாரணை அத்தோடு முடிந்தது. இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு வேலை போனது. கமாண்டருக்கு ப்ரமோஷன் வந்தது. கேம்ப்பைப் பிரித்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரர் திருமலைக்கு ஜீப் ஓட்டினார். நான் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தேன். அண்ணன் பட்டு வளர்ப்பை விட்டுவிட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தான். அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை.

நாலு வருஷம் போனது. ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் வாசலில் ஒரு ஆள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றான். நைனாவிடம், "அண்ணன பாக்கணும்" என்றான். எங்கள் பக்கத் தமிழ். யாரென்று கேட்டதும் சொன்னான். வடமாலபேட்டைக்காரன். அந்தக் கேம்ப்பில் கான்ஸ்டபிளாக இருந்தவன். வேலை போன இரண்டு பேரில் ஒருவன். இப்போது திருப்பதியில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன்.

பழச் சீப்பைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். "எங்க அண்ணன் கைய ஒடச்சிட்டு வாயப்பழம் எடுத்துக்கினு வந்தியா? எந்தக் கையால பழத்த உரிச்சித் துன்னுவான், சொல்லு!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அச்சில் போட முடியாதது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அண்ணன் உள்ளேயிருந்து வந்து அவனைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அண்ணன், "உள்ள வா" என்றான்.

அவன் தரையில் உட்கார்ந்து சொன்னான். "அடிச்சது நாங்கதான். இல்லன்னு சொல்லல. அவுரு பிளாஸ்டிக் சேரு போட்டு எதுருல ஒக்காந்துக்குவாரு. காபி வரும். மூஞ்சில படக்கூடாது, கையில மட்டும்னுவாரு. 'கானிச்சு'ன்னு சொன்னா ஆரம்பிக்கணும். கைய ஒசத்தினா நிறுத்தணும். அவரு பேப்பரு படிச்சிக்கினு கைய ஒசத்த மறந்துடுவாரு. நாங்க அடிச்சிக்கினே இருக்கணும்."

"அவுரு இல்லாத நேரத்துல நீங்களா அடிச்சீங்கன்னாரே?" என்றேன்.

"பழிய ஏத்துக்குங்கடா, ஆறு மாசத்துல வேலைக்கி எடுத்துக்கறேன்னாரு. ஏத்துக்கினோம். அப்பால எங்கள யாருன்னே தெரியாதுன்னுட்டாரு." துண்டால் முகத்தைத் துடைத்தான். "அன்னிக்கி காணிப்பாக்கத்துக்கு வேனு ஓட்டினது நான்தாங்க. திரும்பி வரும்போது சர்பஞ்ச்கிட்ட சொல்லிச் சிரிச்சிக்கினே வந்தாரு. கையத்தான் கேட்டாங்க, வாயக் கேக்கலன்னு."

அவர் பொய் சொல்லவே இல்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிள்ளையார் அவரை என்ன செய்வார்? குளத்தில் முழுகி, தைரியமாக, நான் எழுதிக் கொடுத்த உண்மையை அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று தடவை கை என்று எழுதியவளுக்கு ஒரு தடவை வாய் என்று எழுதத் தோன்றவில்லை. அடியைக் கேட்டேன், உத்தரவைக் கேட்கவில்லை. அடக் கடவுளே, இவ்வளவு படித்தும் மண்டையில் என்ன இருந்தது எனக்கு? சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். நைனா வந்து பிடித்தார்.

"இன்னொரு மனு போடலாம் நைனா. இவன் சாட்சி சொல்லட்டும்."

"அதெப்படிம்மா? பிரமாணம் முடிஞ்சிபோச்சி. சாமி முன்னாடி ஒத்துக்கினதக் கெளறக் கூடாது. நம்ம வீட்டுக்குத்தான் ஆவாது."

"ஏமாத்தினவனுக்கு ஒண்ணும் ஆவாது, ஏமாந்தவங்களுக்குத்தான் ஆவுமா? இது எந்த ஊரு நியாயம்?" நான் கத்தினேன். நைனாவும் கத்தினார். அண்ணன் வழக்கம்போல எழுந்து வெளியே போய்விட்டான். அவன் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. உனக்காகத்தானே இவ்வளவும், வாயைத் திறக்க மாட்டாயா என்று அவன் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் குளித்துவிட்டு வந்து நின்றான். சட்டைப் பொத்தானை அவனால் போட முடியாது. நைனா போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அப்போது சொன்னான்.

"பிரமாணம் பண்ணது அவுரு. ஒத்துக்கினது நீங்க ரெண்டு பேரும். நான் சாமி முன்னாடி எதுவும் ஒத்துக்கல இல்ல நைனா?"

நைனா பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அன்னிக்கி இவ எழுதனத அவுரு படிக்கக் கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அதான் காலு தள்ளாடிச்சி. நடுவுல பேசக்கூடாதேன்னு சும்மா இருந்தேன். எத்தினி நாளு சும்மா இருக்கறது?" என்னைப் பார்த்தான். "கெளம்பு. சித்தூருக்குப் போவலாம்."

நாலு வருஷத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நான், அண்ணன், அந்த வாட்ச்மேன் மூன்று பேரும் போனோம். பஸ்ஸில் அண்ணனுக்குக் கம்பியைப் பிடிக்க முடியாது. வாட்ச்மேன் அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டு வந்தான். அதைப் பார்க்கவும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆபீசில் இருந்த குமாஸ்தா பழைய ஃபைலைத் தேடி எடுத்தார். மேலாகவே இருந்தது என் தெலுங்குக் கையெழுத்து. எங்களுக்குத் திருப்தி, எந்தப் புகாரும் இல்லை.

"நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டீங்க. இப்ப இன்னா புதுசா?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் மேஜைக்கு அருகில் போனான். இரண்டு கையையும் அந்த ஃபைல் மேல் வைத்தான். விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. சொல்ல ஆரம்பித்தான். முதல் நாளிலிருந்து. நாற்காலி எங்கே போட்டிருந்தது, காபி எத்தனை தடவை வந்தது, எந்தச் சொல்லுக்கு அடி ஆரம்பிக்கும், பேப்பர் படிக்கிற நாளில் எவ்வளவு நேரம் ஆகும். வீட்டில் எங்களுக்கே சொல்லாததை முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் நிறுத்தாமல் சொன்னான். பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் கையைப் பார்த்தபடியே இருந்தார். "எழுதுங்க சார், நிறுத்தாதீங்க" என்றேன். எழுதினார். எட்டாவது வரை படித்த என் அண்ணன் அதில் கைநாட்டு வைத்தான். வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டான்.

அத்தோடு எல்லாம் ஆகிவிட்டது என்று நினைத்தால் நம்மைவிடப் பைத்தியம் இல்லை. மாசக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. நினைவூட்டி எழுதினேன். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். மேலேதான் என்றார்கள். அடிக்கிறதுக்கு வாசற்படிவரை வந்தார்கள், பதில் சொல்வதற்கு மட்டும் மேலே மேலே என்று ஏறிக்கொண்டே போகிறார்கள். நைனா அந்தப் பதிலைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஒருவழியாக ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. அண்ணன் அப்போது திருப்பதியில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். பிரித்தேன். நாலு பக்கம் இங்கிலீஷ், கூடவே தெலுங்கில் ஒரு பக்கம். கமாண்டர் இப்போது பெரிய பதவியில் இருக்கிறார். அவரிடம் விளக்கம் கேட்டார்களாம். எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியொரு உத்தரவை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் முகாமிலேயே இல்லை. கீழே இருந்தவர்கள் தாமாகச் செய்தது. எனவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்று முடித்திருந்தார்கள்.

பொய்! பச்சைப் பொய்! நான் சோறு கொண்டுபோன நாளில் காபி டம்ளரோடு என் எதிரில் நின்றது யார், அவர் ஆவியா? வாயைக் கேட்டதும் இப்படித்தான் வரும் என்று தெரிந்தும், படித்தபோது பொறுக்க முடியவில்லை. காகிதத்தைக் கசக்கி மூலையில் எறிந்தேன். மெஷினை ஒரு தள்ளு தள்ளினேன். ஊசி முறிந்தது. இனி ஒரு எழுத்து எழுத மாட்டேன், இவர்களுக்கு எழுதுவதும் சாக்கடையில் கொட்டுவதும் ஒன்றுதான் என்று கத்தினேன்.

அண்ணன் எழுந்து போய், கசங்கிய தாளை இரண்டு முழங்கைக்கும் நடுவில் இடுக்கி எடுத்து வந்து என் மடியில் போட்டான்.

"மறுக்கா படி. அவுரு சொன்னத மட்டும்."

படித்தேன். அப்படியொரு உத்தரவை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டான். அப்புறம் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

"பத்தொம்பது நாளு அவன் வாயத் தொறந்தா நாங்க அலறினோம்" என்றான். கமாண்டரை அவன் என்று என் அண்ணன் சொன்னது அன்றைக்குத்தான். "இப்ப நாம கேட்டோம், அவன் வாயத் தொறந்துட்டான் பாரு. பயந்துக்கினு பொய் சொல்றான். வுடாத. இன்னொண்ணு எழுது."

முறிந்த ஊசியை மாற்றாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.